140 சென்டிமீட்டருக்குள் ஒரு சுற்றுலா

ஜூன் 3, 2024, திங்கள். சேலம்

இன்று இரவு சாப்பாட்டுக்கு முன் பெரியவனை நிலைக்கதவில் முதுகு ஒட்ட நிற்கவைத்து, இஞ்ச் டேப்பை இழுத்துப் பார்த்தேன். 138-ஐத் தாண்டி ஐந்து சின்னக் கோடு. நூற்று முப்பத்தெட்டரை சென்டிமீட்டர். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவன் முகம் தொங்கிவிட்டது. "போன மாதமும் இதேதானே அம்மா" என்றான். வளரவில்லையே என்று அவனுக்குக் கவலை. வளர்ந்துவிடப் போகிறானே என்று ஆறேழு மாதமாக எனக்குக் கவலை.

பிள்ளை வளரக்கூடாது என்று எந்தத் தாயாவது நினைப்பாளா என்று கேட்காதீர்கள். நாங்கள் போகப்போவது பெங்களூரை ஒட்டிப் பிடதிக்கு அருகே இருக்கும் வொண்டர்லா என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு. அங்கே சிறுவர் டிக்கெட்டுக்கு வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம். அதற்கு மேல் 140 வரை சிறுவர் கட்டணம். அதையும் தாண்டிவிட்டால் பதினொரு வயதுப் பையனும் அவன் அப்பாவும் கணக்கில் ஒன்றுதான். வித்தியாசம் இருநூறு ரூபாய்க்கு மேல் வருகிறது. இருநூறு ரூபாய் என்றால் எனக்கு இருபது ஜாக்கெட்.

இந்த இருபது ஜாக்கெட் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே தைக்கிறேன். போன தீபாவளிக்குத் துணி குவிந்தபோது, தைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் பத்து ரூபாயைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவது என்று ஆரம்பித்தேன். மார்கழியில் பாட்டில் அப்படியே கிடந்தது. தை பிறந்து முகூர்த்தம் தொடங்கியதும் நிமிர்ந்தது. மே முடிய 2,700 ரூபாய். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து வருகிறதே, அதில் பாதியை மாதாமாதம் எடுத்து வைத்தேன். ஒன்பது மாதத்துக்கு 4,500. பிள்ளைகளின் உண்டியலை உடைத்ததில் 1,085. ஆக மொத்தம் 8,285 ரூபாய். இதற்குள் நான்கு பேர் போய்த் திரும்ப வேண்டும். கடன் கிடையாது, நகை அடகு கிடையாது, சீட்டுப் பணத்தில் கை வைப்பது கிடையாது என்று கணவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் எதற்கும் தலையாட்டுவார். கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்கிறவர், தலை தானாக ஆடுகிறதோ என்னவோ.

மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கும் பூங்காவுக்குப் போகலாமே என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். எங்களுக்குப் பூங்காவைத் தீர்மானித்தது பூங்கா அல்ல, படுக்க இடம். கணவரின் அக்கா, எனக்கு அண்ணி, பெங்களூர் கெங்கேரியில் இருக்கிறார். அங்கிருந்து வொண்டர்லா பக்கம். இரண்டு இரவுக்கு விடுதி எடுத்தால் போகிற பணத்தில் பாதி டிக்கெட் வந்துவிடும்.

நாளைப் பார்த்துத்தான் குறித்தோம். நல்ல வேளையாகத் தமிழ்நாட்டில் வெயிலால் பள்ளித் திறப்பையும் பிறகு ஜூன் 10-க்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். கர்நாடகத்தில் மே கடைசியிலேயே பள்ளி தொடங்கிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு. இந்த இடைவெளியில், அதிலும் சனி ஞாயிறு இல்லாமல் வியாழக்கிழமை போனால் கட்டணமும் குறைவு, கூட்டமும் குறைவு. டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்ததில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. பெரியவர் இரண்டு, சிறியவர் இரண்டு, 4,480 ரூபாய். பணம் கட்டிய நாளிலிருந்து பெரியவனை வாரம் ஒரு முறை அளக்கிறேன்.

என்னிடம் துணி தைக்கும் உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் வேறு வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுப் போனார். காலையில் எழுந்ததும் எல்லோரும் ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்பார்களாம். நாள் முழுக்க நின்று நடந்து முதுகெலும்பின் வட்டுகள் அழுந்தி, மாலையில் குறைந்துவிடுமாம். நான் அளப்பதெல்லாம் மாலையில். வாயிலில் அளக்கப்போவது காலையில். நூற்று முப்பத்தெட்டரையோடு ஒன்றைக் கூட்டினால் நூற்று முப்பத்தொன்பதரை. தையலில் அரை சென்டிமீட்டர் இடம் இருந்தால் சமாளித்துவிடலாம். இங்கே எப்படியோ.

நேற்று பெங்களூரில் ஒரே நாளில் 11 சென்டிமீட்டர் மழை. ஜூன் மாதத்தில் இவ்வளவு பெய்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். எங்கள் வீட்டில் எல்லாமே சென்டிமீட்டராகிவிட்டது.

ஜூன் 4, செவ்வாய். சேலம்

வாக்கு எண்ணிக்கை நாள். தெருவே தொலைக்காட்சி முன். எனக்கு அது நல்லதாகப் போயிற்று, துணி கேட்டு ஒருவரும் வரவில்லை. நீச்சல் உடுப்பை உட்கார்ந்து தைத்து முடித்தேன்.

தண்ணீரில் இறங்க நைலான் அல்லது பாலியெஸ்டர் உடுப்பு வேண்டும், பருத்திக்கு அனுமதி இல்லை. நூலும் பஞ்சும் பிரிந்து போய் நீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை அடைத்துக்கொள்ளும். உடுப்பு இல்லாமல் போய் அங்கே வாங்குவதற்கு நான் என்ன தையல் தெரியாதவளா? கட்பீஸ் கடையில் விளையாட்டுச் சீருடைக்கு எடுக்கும் ஜெர்சித் துணியை எடைக்கு வாங்கினேன். எலாஸ்டிக், நூல் எல்லாம் சேர்த்து 310 ரூபாய். நான்கு பேருக்கும் அரைக்கால் சட்டை, மேலே டி சட்டை, எனக்கு மட்டும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் பேண்ட்.

இழுபடும் துணியைச் சாதாரணத் தையலில் மூட்டக்கூடாது. துணி இழுபடும், நூல் இழுபடாது, பட்டென்று விட்டுவிடும். ஓவர்லாக் போட வேண்டும். பிள்ளைகளுக்கும் எனக்கும் ஒழுங்காக ஓவர்லாக் போட்டேன். கணவருடையதைக் கையில் எடுக்கும்போது மின்சாரம் போய்விட்டது. இரண்டு மணி நேரம் வரவில்லை. மிதியால் ஓடும் பழைய இயந்திரத்தில் சாதாரணத் தையலே போட்டு, அதன்மேல் இன்னொரு வரி ஓட்டி முடித்தேன். ஒரு நாள் தாங்காதா?

ரயில் டிக்கெட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து மைசூரு போகும் எக்ஸ்பிரஸ் சேலத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் வருகிறது. செவ்வாய் இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் டிக்கெட்டில் தேதி புதன்கிழமை, 5. இது தெரியாமல் 5-ஆம் தேதி இரவு நிலையத்துக்குப் போய், போன வண்டிக்குக் காத்திருந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. பிப்ரவரியிலேயே முன்பதிவு செய்துவிட்டோம். படுக்கை மூன்றுதான் எடுத்தேன். சின்னவளுக்கு ஏழு வயது. படுக்கை வேண்டாம் என்று சொன்னால் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாதிக் கட்டணம், படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். என் மேல் கால் போட்டுக்கொண்டு தூங்குகிறவளுக்குத் தனிப் படுக்கை எதற்கு? போக வர எல்லோருக்கும் சேர்த்து 1,260 ரூபாய்.

ரயிலுக்கு வயது, வொண்டர்லாவுக்கு உயரம். பெங்களூர் மெட்ரோவில் மூன்று அடிக்குக் கீழே இருந்தால் இலவசம். பிள்ளையோடு கிளம்புகிறவர்கள் பிறப்புச் சான்றிதழையும் டேப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்வது நல்லது.

ஜூன் 5, புதன். கெங்கேரி

வண்டி இருபது நிமிடம் தாமதம். இறங்கும்போது நன்றாக விடிந்திருந்தது, குளிர்ந்த காற்று. சேலத்து வெயிலில் வெந்து வந்தவர்களுக்கு அந்தக் காற்றுக்கே தனியாக டிக்கெட் போட்டிருக்கலாம்.

வெறுங்கையோடு போக முடியுமா? மாம்பழம் மூன்று கிலோ, தட்டுவடை செட் செய்யத் தட்டை, இரண்டும் சேர்ந்து 600 ரூபாய். அண்ணி எங்களைக் கேட்காமலே நேற்றே கோழி வாங்கி வைத்திருந்தார். விடுதிக்குக் கொடுக்க வேண்டிய பணம் மிச்சம் என்று நான் போட்ட கணக்கைப் பார்த்தால், அந்தச் செலவு அண்ணியின் தலையில்தான் ஏறியிருக்கிறது. அடுத்த வருடம் அவர்கள் ஏற்காடு பார்க்க வருவதாக இருக்கிறார்கள், அப்போது என் தலையில் ஏறும். சொந்தக்காரர் வீட்டில் தங்குவது இலவசம் அல்ல, தவணை.

பிற்பகலில் மெட்ரோவில் கப்பன் பூங்காவுக்குப் போனோம். கெங்கேரியிலிருந்து ஊதா வழித்தடத்தில் நேராகவே போகலாம். சின்னவளுக்கு இதுதான் வொண்டர்லா. வீடுகளின் மொட்டை மாடிகளுக்கு மேலே ரயில் ஓடுகிறது, காயப்போட்ட துணி தெரிகிறது, ஒருவர் மாடியில் உட்கார்ந்து தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறார். சட்டென்று வண்டி பூமிக்குள் இறங்கி இருட்டாகிவிட்டது. "அம்மா, மறுபடி போகலாமா?" என்றாள். அதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

கப்பன் பூங்காவில் கட்டணம் இல்லை. 1870-ல் ஏற்படுத்தியது. மூங்கில் புதர்களுக்குக் கீழே மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மழையில் முறிந்த கிளைகளை ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். சிவப்புச் சாயம் பூசிய உயர் நீதிமன்றத்தை வெளியில் நின்றே பார்த்தோம். அதற்கு அட்டார கச்சேரி என்று பெயர், பதினெட்டுக் கச்சேரி. பதினெட்டு அரசுத் துறைகள் அதற்குள் இருந்தனவாம். பெரியவன் "அதில் உயரம் அளக்கும் துறை உண்டா?" என்று கேட்டான். இவனுக்கு வாய் மட்டும் 150 சென்டிமீட்டர்.

சுருமுரி சாப்பிட்டோம், நம் ஊர்ப் பொரி மசாலாதான், வெங்காயமும் கொத்தமல்லியும் தாராளம். நூறு ரூபாய்.

திரும்பும்போது பஸ். நானும் அண்ணியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். நடத்துனர் வந்ததும் அண்ணி ஆதார் அட்டையைக் காட்டினார், கட்டணமில்லா டிக்கெட் வந்தது. நானும் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். சேலத்தில் நகரப் பேருந்தில் ஏறினால் எனக்குச் செலவு கிடையாது, மூன்று வருடமாக அப்படியே பழகிவிட்டது. ஆனால் இந்த ஊர் சக்தித் திட்டம் கர்நாடகப் பெண்களுக்கு மட்டும். நடத்துனர் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேலமா?" என்று தமிழிலேயே கேட்டு, சிரித்துக்கொண்டே காசு வாங்கினார். ஒரே குடும்பம், ஒரே இருக்கை. நடுவில் ஓசூர் எல்லை ஓடுகிறது.

ஜூன் 6, வியாழன். வொண்டர்லா

எழுதக் கை வரவில்லை, தோள் இரண்டும் வலி. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

இன்று அமாவாசை. அண்ணி வீட்டில் முட்டைகூடக் கிடையாது. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் அதிகாலையிலேயே தயார். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது தெரிந்ததுதான். அதற்கு என் வழி இது: காலையில் வீட்டில் அரை வயிற்றுக்கு மேல் சாப்பிடக்கூடாது. பத்தரை மணிக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்து வயிறு முட்டப் புளியோதரை. அது நாலு மணி வரை தாங்கும். எங்களைப் போலவே இன்னும் மூன்று குடும்பங்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தன. ஒருவர் ஓசூர், ஒருவர் தருமபுரி. ஊறுகாய் கை மாறியது.

கெங்கேரியிலிருந்து பிடதிப் பக்கம் போகும் பஸ், நெடுஞ்சாலையில் இறங்கி ஆட்டோ. அண்ணியின் கணவர் ஒரு கதை சொல்லி அனுப்பியிருந்தார். இதைக் கட்டியவர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி, வி-கார்டு ஸ்டெபிலைசர் தயாரித்தவர். 2000-ல் கொச்சியில் முதல் பூங்கா, 2005-ல் இது. எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மேல் அந்த ஸ்டெபிலைசர்தான் உட்கார்ந்திருக்கிறது. "அப்படியென்றால் நாம் அவருக்கு ஏற்கெனவே காசு கொடுத்திருக்கிறோம்" என்றார் கணவர்.

வாயில். உயரம் அளக்கும் பலகை. சின்னவள் கோட்டுக்கு ரொம்பக் கீழே, பிரச்சினை இல்லை. பெரியவன் போய் நின்றான். காலை வேளை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் முழங்காலை மடக்கச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது, உண்மையை மறைப்பானேன். அவனோ விறைப்பாக, முகவாயைத் தூக்கிக்கொண்டு, பள்ளி அணிவகுப்பில் நிற்பதுபோல நிற்கிறான். தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடம். ஊழியர் கையசைத்துப் போகச் சொன்னார். இருநூறு ரூபாய் தப்பியது.

உள்ளே போனதும் அவன் எங்களை இழுத்துக்கொண்டு நேராக ரீகாயில் என்ற ரோலர் கோஸ்டருக்கு ஓடினான். ஆறு மாதமாகக் கணவரின் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். ரயில் முன்னே பாய்ந்து, தலைகீழாகச் சுழன்று, மேலே ஏறி ஒரு கணம் நின்று, வந்த வழியே பின்னோக்கித் திரும்பும். இரும்புத் தூண்கள் அதிரும் சத்தம் வரிசையில் நிற்கும்போதே காலுக்குள் ஏறுகிறது.

அங்கேயும் ஒரு பலகை. அங்கேயும் 140.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குறைந்த கட்டணத்துக்கு 140-க்குக் கீழே இருக்க வேண்டும், பெரிய சவாரிக்கு 140 வேண்டும். விதி இணையத்தில் தெளிவாக எழுதித்தான் இருக்கிறது. நான் கட்டணப் பக்கத்தை நாற்பது முறை படித்திருப்பேன். சவாரிப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. தையலில் தோள்பட்டையை மட்டும் அளந்துவிட்டுக் கையை அளக்காமல் விட்டதுபோல.

அவன் பலகையின் முன் நின்றான். குதிகால் மெல்ல மேலே எழும்புவதைப் பார்த்தேன். ஊழியர் சின்னப் பையன், இருபது வயதுதான் இருக்கும், குனிந்து அவன் பாதத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தோளில் லேசாகக் கை வைத்தார். குதிகால் இறங்கியது. கோடு மேலே போய்விட்டது. பாதுகாப்புக்காக வைத்த விதி, அவர் செய்தது சரி. எனக்குத்தான் நெஞ்சில் ஊசி ஏறியதுபோல இருந்தது. இன்னும் மூன்று மாதம் பொறுத்து வந்திருந்தால், இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து, இவன் அதில் ஏறியிருப்பான்.

அழவில்லை. வரிசையிலிருந்து வெளியே வந்து, "அப்பா, நீங்கள் போங்கள். போய்விட்டு வந்து எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்" என்றான்.

என் கணவருக்கு மாரியம்மன் பண்டிகை ராட்டினத்திலேயே தலை சுற்றும். மகன் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வரிசை சின்னதுதான், வார நாள் அல்லவா. ரயில் கிளம்பியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பின்னோக்கி வந்தபோதும் மூடியபடியேதான் இருந்தார். இறங்கி வந்து பத்து நிமிடம் மேடையில் உட்கார்ந்திருந்தார். பெரியவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தான். தலைகீழாகப் போனபோது சட்டைப் பையிலிருந்து ஏதாவது விழுந்ததா? பின்னால் வரும்போது வேகம் கூடுதலா, குறைவா? மேலே நின்றபோது ரயில் நிலையம் தெரிந்ததா? கண்ணை மூடியிருந்தவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ரயில் நிலையம் தெரிந்தது, ஒரு ஏரியும் தெரிந்தது என்றார். இவருக்கு இவ்வளவு கற்பனை இருப்பது கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பெரியவன் சின்னவளோடு சிறுவர் சவாரிகளில் ஏறினான். முதலில் பெரிய மனிதன்போல, தங்கைக்குத் துணை வருவதாக ஒரு பாவனை. மூன்றாவது சவாரியில் அவளைவிட அதிகமாகக் கத்தினான்.

மதியத்துக்கு மேல் தண்ணீர். பைகளை வைக்கப் பெட்டிக்கு நூறு ரூபாய். அலைக்குளத்தில் அலை எழும்பும் முன் ஒலி எழுப்புகிறார்கள். மொத்தக் கூட்டமும் ஓவென்று கத்திக்கொண்டு கை கோக்கிறது, யார் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கணக்கில்லை. மூன்றாவது அலையில் கணவர் சட்டென்று கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். என்னவென்று கேட்டால் பதில் இல்லை. அருகில் போனதும், காதில் மெதுவாக, "உன் தையல் விட்டுவிட்டது" என்றார். பின்பக்க மூட்டு, ஒரு சாண் நீளத்துக்கு. சேலத்து மின்வெட்டு பிடதியில் வந்து வேலையைக் காட்டிவிட்டது. டி சட்டையை இடுப்பைச் சுற்றிக் கட்டி அழைத்துப் போய், கைப்பையில் இருந்த ஊசி நூலால் உடைமாற்றும் அறைக் கதவுக்கு வெளியே நின்று தைத்துக் கொடுத்தேன். ஊசி நூல் இல்லாமல் நான் வெளியூர் கிளம்புவதில்லை. இந்தத் தடவை பின்தையல், ஒவ்வொரு கண்ணாக. அது மாலை வரை அசையவில்லை.

இளஞ்சூடான தண்ணீரை மழையாகக் கொட்டவிட்டுப் பாட்டுப் போடும் கூடம் ஒன்று இருக்கிறது. அதற்குள்ளிருந்து வெளியே வந்தால் நிஜ மழை, குளிர்ந்த தூறல். எது உள்ளே எது வெளியே என்று தெரியாமல் சின்னவள் இரண்டுக்கும் நடுவில் நின்று ஆடினாள்.

நாலு மணிக்குப் பசி. நான்கு பேருக்கு இரண்டு தட்டுச் சாப்பாடும் இரண்டு ஐஸ்கிரீமும், 540 ரூபாய். குடிக்கத் தண்ணீர்க் குழாய் இருந்தது, பாட்டிலுக்குச் செலவில்லை. சவாரியில் எடுத்த படங்களைத் திரையில் காட்டுகிறார்கள், வேண்டுமானால் அச்சிட்டு வாங்கலாம். அவர் கண்ணை மூடிய படம் அங்கே இருக்குமே என்று பயந்து, பெரியவனை அந்தப் பக்கமே விடவில்லை.

கடைசியாக லிப்ட்டில் மேலே போய் உட்காரும் ராட்டினம். மேலே மெதுவாகச் சுற்றும்போது பச்சையாகக் காடும் பாறையும் நெடுஞ்சாலையும் தெரிந்தன. பெரியவன் வெகுநேரம் தேடினான். "அப்பா, ஏரி எங்கே?" என்றான்.

"அந்தப் பக்கம் இருந்தது" என்றார்.

ஜூன் 7, வெள்ளி. கெங்கேரி

எல்லோரும் ஒன்பது மணி வரை தூங்கினோம். வேறு எங்கும் போகவில்லை. அண்ணிக்கு இரண்டு ஜாக்கெட் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவர் மகளின் சுடிதாருக்குப் பக்கத் தையல் ஓட்டினேன். தவணையில் ஒரு பகுதி கழிந்தது.

கிளம்பும்போது அண்ணி குங்குமம் வைத்து, பிள்ளைகள் இருவர் கையிலும் ஆளுக்கு இருநூறு ரூபாயை அழுத்திவிட்டார். வேண்டாம் என்று நான் சொல்ல, அவர் இன்னும் அழுத்த, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்க்க, எல்லாம் முறைப்படி நடந்தது. இந்த நானூறை வரவில் எழுத முடியாது. அவர் மகளுக்கு ஏற்காடு வரும்போது ஐந்நூறாகத் திரும்ப வேண்டும்.

ஜூன் 8, சனி. சேலம்

நடுராத்திரி தாண்டி இறங்கினோம். பஸ் இல்லை. ஆட்டோவுக்கு 250 ரூபாய். விடியும் வரை நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தால் பேருந்தில் என் பங்காவது மிச்சம். ஆனால் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு தோளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் கணக்கைப் பார்த்தேன். பெங்களூரில் பஸ், மெட்ரோ, ஆட்டோ எல்லாமாக 780 ரூபாய் ஆகியிருந்தது. மொத்தச் செலவு 8,420. கையில் இருந்தது 8,285. நூற்று முப்பத்தைந்து ரூபாய் துண்டு விழுகிறது. நீச்சல் உடுப்பை எதிர்வீட்டு அக்கா அடுத்த மாதம் கேட்டிருக்கிறார், வாடகை கேட்கலாமா என்று யோசனை. கேட்க மாட்டேன். கணவருடையதை மட்டும் முதலில் பிரித்து ஓவர்லாக் போட வேண்டும்.

மேசை மேல் பதினேழு ஜாக்கெட் துணி காத்திருக்கிறது, வைகாசி முகூர்த்தம் இன்னும் முடியவில்லை. முதல் துணியை விரித்தபோது பெரியவன் வந்தான். அத்தை கொடுத்த இருநூறை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டான். தங்கையின் இருநூறையும் எப்படியோ பேசி வாங்கிவந்து போட்டான். பிறகு நிலைக்கதவில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, "அம்மா, டேப்" என்றான்.

அளந்தேன். 139-ஐத் தாண்டி இரண்டு சின்னக் கோடு. இரண்டே நாளில் இவ்வளவா என்று குதித்துக்கொண்டு அப்பாவிடம் சொல்ல ஓடினான். மணி காலை ஏழரை. உடற்பயிற்சி ஆசிரியை சொன்னதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.